காப்புக் கயிறும் காலை மாத்திரையும்

மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை உண்டவன் நான். இதை மறைத்து எழுத எனக்கு எக்காரணமும் இல்லை.

உத்தமபாளையத்துக் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அந்நோய் என்னைப் பற்றியது. இழப்பு ஏதும் நேரவில்லை. ஆயினும் பசி அற்றது, உறக்கம் அற்றது. செய்யுளின் இரண்டாமடிக்கு வருமுன் முதலடி மறந்தது. முகம் மழிப்பதும் பெருஞ்செயலாயிற்று. "வயசானா அப்படித்தான்" என்றனர் சுற்றத்தார். முதுமை வேறு, இந்நோய் வேறு என்று சொன்னவர் தேனி மருத்துவர் ஒருவரே. அவர் தந்த மாத்திரை உடனே எதையும் செய்துவிடவில்லை. சில வாரங்கள் சென்றபின் ஒரு காலையில், துவையலில் உப்புக் குறைவு என்று மனைவியிடம் குறை சொன்னேன். அவள் மகிழ்ந்து அழுதாள்.

"நலமாகிவிட்டது என்று தோன்றும்போதுதான் நிறுத்தத் துணிவு வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எப்போது குறைப்பது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்" என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார்.

சித்திரைத் திருவிழாவுக்குத் தேவதானப்பட்டியிலிருந்து என் தமக்கை வந்தாள். தாயில்லாத என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். என் நோய் தீர்ந்தால் நான் தீச்சட்டி எடுப்பேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். காப்புக் கட்டியவர் மருந்து தொடலாகாது என்பது எங்கள் குடும்ப வழக்கம்.

"ஏலே தம்பி, மூஞ்சி தெளிஞ்சிருச்சுல்ல? காப்பக் கட்டு. மாத்திரையத் தூக்கி வாய்க்கால்ல போடு."

"காப்புக் கட்டுறேன்க்கா. மாத்திரைய நிறுத்த மாட்டேன்."

"ஆத்தா கொணமாக்குன பெறகும் அத முழுங்குனா, அவள நம்பலேன்னுதான அர்த்தம்?"

"நெல்லு அவ குடுத்ததுதான். அதுக்காக உழாமயா இருக்கோம்?"

"இந்தப் பேச்செல்லாம் காலேசோட வச்சுக்க. பைத்தியக்கார மாத்திரைன்னு ஊரே சிரிக்குதுலே!"

"சிரிக்கட்டும். நான் படுத்துக் கெடந்தப்ப அவுக யாரும் வந்து எழுப்பலயே?"

"திருவிழா முடியும்வரைதானே?" என்று என் மனைவியும் தயங்கினாள். தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்ற அவள் அச்சம் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் மீண்டு வந்த இருளின் ஆழத்தை அறிந்தவன் நான் ஒருவனே. தெய்வத்தின் பெயரால் சொன்னாலும், வளர்த்தவள் சொன்னாலும், அதற்குள் மறுமுறை இறங்க நான் ஒப்பவில்லை.

தீச்சட்டி எடுக்கும் நாளில் வாசலில் கொட்டு முழங்கியது; உறவினர் கூடியிருந்தனர். அதுவரை அடுக்களைக்குள் நின்று மாத்திரை உண்டு வந்தவன், அன்று வாசலுக்கே தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் காப்புக் கட்டிய கையாலேயே, எல்லோரும் காண, மாத்திரையை விழுங்கினேன். கொட்டுக்காரர்கூட ஒரு கணம் அடி தவறினார். தமக்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு வேப்பிலை பரப்பிய கைகளில் சட்டியை ஏந்தி நடந்தேன். அவளும் உடன் வந்தாள். கோயிலை நெருங்கியபோது கூட்டம் நெருக்கியது. வெயிலும் அனலும் சேர்ந்து வாட்ட, மேலே நடக்க இயலாமல் நின்றேன். அப்போதுதான் அவள் முன்னே பாய்ந்து, கொட்டொலியையும் விஞ்சிக் கூவினாள்:

"வெலகுங்கப்பா! மாத்திர சாப்புடுற ஆளு சட்டி தூக்கியாரான், வழி விடுங்க!"

சினத்தால் சொன்னாளா, பரிவால் சொன்னாளா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. கூட்டம் விலகியது. திரும்பிய முகங்களில் என் பழைய மாணாக்கர் சிலரும் இருந்தனர். நான் தலை குனியவில்லை. சட்டியைச் சற்றே உயர்த்திப் பிடித்து, அவர்கள் நடுவே நடந்தேன்.