மாமாவின் ஸ்பெயின் கிட்டார்

எங்கள் மாமாவுக்கு எதைக் கண்டாலும் அது எந்த நாட்டுச் சாமான் என்று சொல்லியாக வேண்டும். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பழைய கிட்டாரை இறக்கிவிட்டார். முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போனது. யார் என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது.

மாமா அதைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். கம்பிகளுக்கு இடையால் ஒற்றைக் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த மங்கிய காகிதத்தில் சுழி சுழியாக ஏதோ தெரிந்தது. கம்பியைக் கழற்றினால் முழுவதும் தெரியும். ஆனால் திரும்பப் பூட்ட அவருக்குத் தெரியாது.

"ஸ்பெயின்," என்றார். "நூறு வருசப் பழசு. உள்ளுக்க ஸ்பானிஷில எழுதிக் கிடக்கு."

அம்மாவுக்கு வேறு கவலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் பொலிஸில் பதிந்து அத்தாட்சித் துண்டு வாங்க வேண்டும். "நீ முதல்ல போய்ப் பதியடா. துண்டில்லாம பிடிச்சா எங்க கொண்டுபோறாங்களெண்டே தெரியாது. ஸ்பெயினாம்!"

மாமா நாளைக்கு என்றார். நான் மாமா பக்கம். ஸ்பெயின் கிட்டாரைப் பற்றி வகுப்பு முழுவதற்கும் சொல்லி முடித்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் இராணுவச் செக்கிங் வந்தது. ஒரு ஆமிக்காரர் வாசலில் நிற்க, மற்றவர் உள்ளே வந்தார். அம்மா பொலிஸில் பதிந்த குடும்பப் பட்டியலை நீட்டினார். அதில் மாமாவின் பெயர் இல்லை. ஆமிக்காரர் மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் மடியிலிருந்த கிட்டாரைப் பறித்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ கடகடத்தது.

"ஸ்பெயின்... ஸ்பெயின்..." என்றார் மாமா.

ஆமிக்காரர் பழகிய கையால் கம்பிகளைத் தளர்த்திக் கவிழ்த்தார். ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. டோர்ச் அடித்து உள்ளே பார்த்தவர் பெரிதாகச் சிரித்தார்.

"மொரட்டுவ! அபே கமே எகக்!"

அவருடைய ஊர்ச் சாமானாம். மொரட்டுவைத் தச்சுப் பட்டறை ஒன்றின் பெயர், சிங்களத்தில். மாமா ஸ்பானிஷ் என்று கண்டுபிடித்த சுழியெல்லாம் அதுதான். தோளில் தொங்கிய துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுக் கம்பிகளை முறுக்கி ஒரு பைலாப் பாட்டே வாசித்தார் மனிதர். வாசலில் நின்றவர் சப்பாத்துக் காலால் தாளம் போட்டார். பிறகு மாமாவின் தோளில் தட்டி, "பரிஸ்ஸமின் தியாகன்ன மல்லி," கவனமாக வைத்திரு தம்பி, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பட்டியலை அவர் மறுபடி கேட்கவேயில்லை.

மாமா கட்டிலில் இருந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆமிக்காரர் மேல் பொல்லாத கோபம். வந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். நான் மாமாவின் முதுகைத் தடவி, "அழாதேங்கோ மாமா, மொரட்டுவையும் நல்ல இடம்தான்," என்றேன்.

அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே எங்கள் இருவரையும் இறுக்கிப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. இவ்வளவு பெரிய ஏமாற்றத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.