பிழை வந்தால் எழுந்து நிற்க வேண்டுமாம்!

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, இட்லி ஊற்றினேன். சிதம்பரத்தில் பி.சி.ஏ. முதலாண்டு படிக்கும் என் மகள் சாப்பிட வரவில்லை.

“எனக்கு இந்த கம்ப்யூட்டரே வேணாம்மா. பி.காமுக்கு மாத்திக் குடு, இல்லன்னா நின்னுடறேன்” என்று அழுதாள்.

துறை மாற்றம் கேட்பதற்காகக் கடலூரிலிருந்து இருவரும் பஸ் ஏறினோம். ஆசிரியரைப் பார்க்கக் கல்லூரியின் கணினி ஆய்வக வாசலில் காத்திருந்தபோதுதான் காரணம் புரிந்தது. நோட்டில் உள்ள புரோகிராமை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். திரையில் பிழை என்று வந்தால், வகுப்பு முடியும்வரை அந்தப் பிள்ளை நிற்க வேண்டும். பாதி வகுப்பு நின்றுகொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன் சார், தப்பைத் திருத்தவுடாம நிக்க வச்சா புள்ளைங்க எப்புடி கத்துக்குவாங்க?” என்று ஆசிரியரைக் கேட்டேன்.

“பயம் இருந்தாதான் மேடம் படிப்பாங்க.”

“பயந்துதான் சார் என் பொண்ணு படிப்பையே வுடறேங்கறா!”

துறை மாற்றம் கேட்கவில்லை. இந்தத் தண்டனையை நிறுத்தும்படி கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். “பார்க்கலாம்” என்றார். அதை நினைத்தால் இன்றும் எரிகிறது.

இப்போதெல்லாம் மகளிடம் நான் மார்க் கேட்பதில்லை. “இன்னிக்கு என்ன தப்பு வந்துச்சு?” என்றுதான் கேட்கிறேன்.

கல்லூரிக்குப் போய்வந்த மறுநாள் காலையே அது தொடங்கியது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அவளுடைய லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

“பேரைக் கேட்டு வணக்கம் சொல்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுது. தப்பு வந்தா வரட்டும்.”

மூன்று தடவை பிழை வந்தது. நான்காவது தடவை கம்ப்யூட்டர் எனக்கு வணக்கம் சொன்னது.

“இரும்மா, இப்ப உன்னைத் திட்டற மாதிரி மாத்தறேன்” என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.