துறைமுகப் பாஸுக்கு இரண்டு படம்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு எங்கள் கந்தோர் மனேஜர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒருவரும் கவலைப்பட வேண்டாம் என்றார். கொழும்பு ஹெட் ஒஃபீஸில் ஆட்குறைப்பு என்று ஒரு கதை அடிபடுவது உண்மைதான். ஆனால் திருகோணமலைக் கிளையில் கை வைக்க மாட்டார்கள் என்றார். பிறகு தேநீரும் ரோல்ஸும் வந்தன.

அதுவரை நாங்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. ரோல்ஸைக் கண்ட பிறகுதான் பயம் பிடித்தது. பதினாறு வருடமாக டயரி எழுதுகிறேன். கந்தோர் செலவில் ரோல்ஸ் வந்ததாக அதில் ஒரே ஒரு குறிப்புத்தான் இருக்கிறது – மட்டக்களப்புக் கிளையை மூடிவிட்டு, 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று எங்களிடம் சொல்ல வந்தவர்கள் வாங்கித் தந்தது.

எங்களுடையது கப்பல் ஏஜென்சி. சண்டை தொடங்கிய பிறகு கப்பல்கள் குறைந்துவிட்டன. போன மாதம் வந்தவை இரண்டே இரண்டு. இரண்டு கப்பலுக்குப் பதின்மூன்று பேர் எதற்கு என்று கொழும்பில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

எங்களுக்குள் அதிகம் தவித்தவர் அருள்தாஸ். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிப் பதிபவர். பதினொரு வருட சேவை. பாலையூற்றில் வாடகை வீடு, இரண்டு பெண்பிள்ளைகள். நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடை முதலாளி அவரை ஸ்டோர் வேலைக்குக் கேட்டிருந்தார். சம்பளம் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம்.

போனால் பதினொரு வருடம் வீண். இருந்து, பிறகு நிறுத்தினால்? இந்த ஊரில், இந்த நேரத்தில், இன்னொரு வேலைக்கு எங்கே போவது?

அருள்தாஸ் தனியாகப் போய் மனேஜரிடமே கேட்டார். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

"நான் இருக்கும் மட்டும் உமக்கு ஒண்டும் நடக்காது எண்டு சொல்லுறார் அண்ணை. நம்பலாமோ?"

நல்ல மனிதர், அவர் பொய் சொல்லி நான் கண்டதில்லை என்றேன்.

"அது எனக்கும் தெரியும். வீட்டில மனுசி அதைக் கேக்கேல்லை. வேலை இருக்குமோ எண்டுதான் கேக்கிறா."

சரியான கேள்விதான்.

பதில் வியாழக்கிழமை ஓர் உறையில் வந்தது. எங்கள் கந்தோர் துறைமுகத்துக்குள் இருக்கிறது. கடற்படை வாசலைத் தாண்டி உள்ளே போகப் பாஸ் வேண்டும்; அதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பாஸ் இல்லாதவருக்கு வேலையும் இல்லை. அதற்குக் கடற்படைக்கு அனுப்புவது ஒரு பெயர்ப் பட்டியல், ஆளுக்கு இரண்டு போட்டோப் படம். படங்களைச் சேர்த்து உறையில் தருவது மனேஜர். பட்டியலை டைப் அடிப்பது நான்.

எண்ணினேன். பதின்மூன்று பேருக்கு இருபத்தாறு படம் இருக்க வேண்டும். இருந்தவை இருபத்துநான்கு. அருள்தாஸ் இருந்தார் – தலையை அழுத்தி வாரி, யாரோ திட்டியது போன்ற முகத்துடன். நானும் இருந்தேன். மறுபடி எண்ணினேன். இல்லாதது மனேஜரின் படம்!

மறந்துவிட்டாரோ? போய்க் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என்ட படம் தேவைப்படாது. மிச்சத்தை அனுப்பும்."

அவ்வளவுதான். மாத முடிவோடு அவருடைய பாஸ் முடிகிறது. ஹெட் ஒஃபீஸின் கத்தி முதலில் விழுந்தது அவர் மேல்தான்.

பாருங்கள் வாசகர்களே, மனிதர் பொய்யே சொல்லவில்லை. தான் இருக்கும் மட்டும் என்றுதான் சொன்னார். எவ்வளவு நாள் இருப்பார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒருவர் நல்லவரா என்று பார்த்துவிட்டு, அவர் வாக்கை நம்பிவிடுகிறோம். அந்த வாக்கைக் காப்பாற்ற அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று யார் பார்க்கிறோம்?

அருள்தாஸிடம் சொல்வதா, விடுவதா? பத்து நிமிடம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். (இதை இங்கே எழுத மனேஜரிடம் அனுமதி வாங்கியாயிற்று. இனி மறைக்க என்ன இருக்கிறது என்றார்.)

வெள்ளிக்கிழமை காலை அருள்தாஸ் விலகல் கடிதத்துடன் போனார். பட்டியலில் கையெழுத்து வாங்க நானும் கூடப் போனேன். மனேஜர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். ஏன் என்று கேட்கவில்லை. மறிக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டு, பேனையை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அருள்தாஸ், அந்தக் கடையில இன்னொரு ஆள் தேவைப்படுமோ எண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாரும்."

அடடா... நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.