கேட்டுப் பார்த்துட்டு வாங்குங்க

பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்ன ஆன்லைன்ல விற்பனைக்குப் போட்டிருந்தேன். "ஏமாத்துறவங்க அதிகம். லுக்குட்ல இருக்கிற என் வீட்டுக்கு வந்து, பாட்டுப் போட்டுக் கேட்டுட்டு, கையில காசு கொடுத்து எடுத்துக்குங்க"ன்னு எழுதியிருந்தேன்.

இன்னிக்கு பக்கத்து ஊரு மந்தின்ல இருக்கிற ஒரு தம்பி, நேர்ல வராமலே முழுப் பணத்தையும் பேங்க்ல போட்டுட்டான்.

"உங்கள நம்புறேண்ணே. கூரியர்ல அனுப்பிடுங்க லா."

ரசீது போலியோன்னு கணக்கைத் திறந்து பார்த்தேன். பணம் நிஜமாவே வந்திருந்துச்சு.

உடனே பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன். "நேர்ல வா தம்பி, அதான் பாதுகாப்பு"ன்னேன்.

"பணம்தான் நிஜமாவே வந்துச்சே, இன்னும் என்னண்ணே பயம்?"

ஆம்ப்ளிஃபையருக்கு எதிர்ல கிடக்கிற நாற்காலியைப் பார்த்தேன்.

போன தடவை ஸ்பீக்கர் வாங்க வந்தவர் நாலு பாட்டு கேட்டாரு, ரெண்டு கோப்பி குடிச்சாரு. அதுக்கப்புறம் அந்த நாற்காலியில யாரும் உட்காரல.

சனிக்கிழமை யாராவது வரீங்களா? வாங்கணும்னு இல்ல.