மச்சான் பிடித்த கயிறு

எங்க கடற்கரையில சங்கு குளிக்கப் போறவனுக்கு வள்ளத்துல நின்னு கயிறு பிடிக்கிறது பெண்டாட்டியோட அண்ணன் தம்பிதான். கூடப்பொறந்தவனை நம்ப மாட்டாங்க. சொத்துல பங்கு கூடும்னு விட்டுட்டான்னா? மச்சான்னா தங்கச்சி தாலிக்காவது பயந்து தூக்குவான். கீழ இருக்கிறவன் கயித்தை ஒரு வெட்டு இழுத்தா உடனே தூக்கணும், அவ்வளவுதான். படிப்பே தேவையில்லாத வேலை. அதையும் நான் கெடுத்தேன்.

அன்னைக்கு மீன் குழம்புக்கு மாங்காயா புளியான்னு வள்ளக்காரன்கிட்ட வம்பளந்துக்கிட்டு இருந்தேன். என் தங்கச்சி புருசன் கீழ இருந்து இழுத்தது கையில தெரிஞ்சுது. சொல்ல வந்ததை முடிச்சிட்டுத் தூக்குவோம்னு நின்னேன். தூக்கினப்போ மச்சானுக்கு மூச்சில்லை. ஆஸ்பத்திரியில நெஞ்சை அமுக்கி உயிரைத் திருப்பிட்டாங்க, மூளை திரும்பலை. "கண்ணு முழிப்பாரு, தூங்குவாரு, உங்களைத் தெரியாது"ன்னாரு டாக்டர். வீட்டுக்குக் கொண்டுவந்து ரெண்டு வருசம் ஆச்சு. மூக்குல சாப்பாட்டுக் குழாய், மூச்சு விடத் தொண்டையில ஓட்டை.

இதுக்குள்ள பங்குச் சாமியார் மூணு தடவை அவஸ்தை பூசிட்டாரு. சாகப்போறவங்களுக்குப் பூசுற எண்ணெய் அது. நெத்தியில பட்டாச்சுன்னா எங்க ஊர்ல சவப்பெட்டிக்குச் சொல்லி விட்டுருவாங்க. மூணாவது தடவை அவரே, "இனி யோசிச்சுக் கூப்பிடுங்கய்யா, எண்ணெய் மேல சனங்களுக்கு நம்பிக்கை போயிரும்"னு சிரிச்சிட்டுப் போனாரு.

குழாய் வாங்குற மருந்துக்கடை அண்ணாச்சிகிட்ட, "இப்படிக் கிடக்கிறது ஊர்ல எங்க மச்சான் ஒருத்தர்தானே?"ன்னு கேட்டேன். "உமக்கு ஒருத்தருக்காகவா நான் பெட்டி பெட்டியா இறக்குதேன் வே?"ன்னாரு. பைக்ல விழுந்தவன், மூளையில ரத்தம் கசிஞ்சவருன்னு தெருத்தெருவா சொன்னாரு. டாக்டர்கிட்ட மொத்தம் எத்தனை பேருன்னு கேட்டா, "யாரு எண்ணினா? வீட்டுக்குள்ள கிடக்கிறவங்க எந்தக் கணக்குலயும் வர்றதில்லை"ன்னு கையை விரிச்சாரு.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. மச்சான் உள்ளங்கையில விரலை வச்சா இறுக்கிப் பிடிச்சு இழுப்பாரு. "அது தன்னால நடக்கிறது, கைக்குழந்தை பிடிக்கும்லா, அது மாதிரி"ன்னாரு டாக்டர். போய்யா, உனக்குக் கயிறு பிடிக்கத் தெரியுமான்னு மனசுக்குள்ள வஞ்சேன்.

போன மாசம் நெஞ்சுல சளி கட்டி மச்சானுக்கு மூச்சுத் திணறுச்சு. முன்னாடி ரெண்டு தடவை மூச்சு மெஷின் வச்சு மீட்டாங்க. இந்தத் தடவை டாக்டர் என்னையும் தங்கச்சியையும் உட்கார வச்சாரு.

"திரும்பவும் மெஷின் வைக்கலாம். இல்லே, வைக்காம, கஷ்டம் தெரியாமப் பார்த்துக்கலாம். அதுக்கு டாக்டர்கள் குழு ரெண்டு தனித்தனியாப் பார்த்து ஒத்துக்கணும். ஆனா அவருக்குப் பேச முடிஞ்சா என்ன கேப்பாருன்னு நீங்கதான் சொல்லணும்."

"மெஷின் வைங்க!"ன்னு கத்தினேன். "காலையிலகூட என் விரலை இழுத்தாருய்யா!"

உண்மையைச் சொல்லிருதேன். அவரு போயிட்டா நான் கொன்னவன். கிடக்கிற வரைக்கும் வெறும் லேட்டாத் தூக்கினவன். அந்தப் பேருக்காகத்தான் ரெண்டு வருசமா மல்லுக்கட்டினேன்.

அந்த ரெண்டு வருசமும் அவருக்கு மலம் மூத்திரம் அள்ளினது தங்கச்சி. அவ கேட்டா.

"அண்ணே, கயித்தை இழுத்தா என்ன அர்த்தம்?"

"தூக்குன்னு அர்த்தம்."

"நான் கீழயே கிடக்கேன், காத்தை மட்டும் அனுப்புன்னு இல்லையே?"

மாங்காயா புளியான்னு மூச்சுவிடாமப் பேசின வாயைத் துண்டால பொத்திக்கிட்டேன்.

"நீ சொன்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்"ன்னா. "கயிறு பிடிச்சது நீதான்."

அழுதேன், ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்க்கிற மாதிரி அழுதேன். அப்புறம் மெஷின் வேண்டாம்னு சொன்னேன். குழு டாக்டர்களும் வந்து பார்த்து ஒத்துக்கிட்டாங்க.

அஞ்சு நாள் அவரு கையில விரலைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் வள்ளக்காரன் பார்க்க வந்தான். பக்கத்துல ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏதோ ஊர்க்கதை ஆரம்பிச்சான்.

"வாயை மூடுலே"ன்னேன். "கயிறு என் கையில இருக்கு."