நூற்றாறு டிகிரி

சாரலில் நனைந்த காய்ச்சலோடு தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். காலையில் பயிற்சி நர்ஸ் ஒருத்தி தெர்மாமீட்டரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த வாசனையில் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அன்றும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டுக்கு அனுப்பினால் கணக்குப் பரீட்சை எழுத வேண்டும். பயிற்சிக்கு வந்திருந்த செல்வி அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும், வாயிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துச் சூடான காபி டம்ளரில் ஒட்டிப் பிடித்தேன். அவள் நூற்றாறு என்று எழுதினாள்.

"நூத்தியாறுல பய சிரிச்சிட்டா கெடப்பான்? அழிச்சிட்டு மாத்தி எழுதுட்டி," என்றார் தலைமை நர்ஸ்.

"பார்த்ததைத்தான் எழுதுனேன், சிஸ்டர். அழிக்க மாட்டேன். திரும்பப் பார்த்துக் கீழ எழுதுதேன்."

"பார்க்கத் தெரியாதவளுக்கு வார்டு எதுக்கு? நாளைக்கு வராத!"

அவர் போனதும் அக்கா டம்ளரைப் பார்த்தாள்.

"நீதானால? நான் பாக்கல. பாக்காததைச் சொல்ல மாட்டேன். நீயாச் சொன்னாத்தான் உண்டு."

நான் சொல்லவில்லை. அவள் போய்விட்டாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட ஊகத்தைச் சொல்லாத அப்படி ஒருத்தியை அதற்குப் பின் நான் கண்டதில்லை.

இன்று இந்தப் பெண்ணிடமாவது சொல்லிவிட வாயெடுத்தேன்.

"பேசாதீங்க தாத்தா," என்றாள். "தெர்மாமீட்டர் வச்சிருக்கேன்லா."