இடப்பக்கம் அவருடையது

தணிகாசலம் இறந்துவிட்டார் என்று இசக்கி போன் செய்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், அலுவலகத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். "அக்கா, சார் போயிட்டாவ. காலையில நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காவ. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றான். என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி, "என் டேங்க் எங்கே இருக்கு?" என்பதுதான். இசக்கி, "எக்கா, அவுகள இன்னும் வீட்டுலருந்து எடுக்கல" என்றான். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

பொம்மை வண்டிகள் செய்யும் நம் மாடல் குழுவின் நினைவு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றபோது நான் மாட்டேன் என்றேன். இசக்கிதான் விடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் "அன்பே உருவானவர்" என்று எழுதியிருப்பதாகக் கேள்வி. யார், தணிகாசலமா? மேனாம்பேடு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறுதோறும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தானே நாமெல்லாம்? நான் எனக்குத் தெரிந்த தணிகாசலத்தைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

அவர் ஆவடியில் ராணுவ டேங்க் செய்யும் தொழிற்சாலையில், பெயிண்ட் பிரிவில், சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நிஜ டேங்குகள் அவர் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்டாதாம். ஓய்வுக்குப் பிறகு நம்முடைய ஒரு சாண் பிளாஸ்டிக் டேங்குகளையும் அதே கண்ணோடு பார்த்தார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி வேறு. மாடலை ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்துவிடாது. அதன்மேல் தூசி, துரு, எண்ணெய்க்கறை எல்லாம் ஏற்றி, உழைத்த வண்டிபோல் ஆக்க வேண்டும். "பெயிண்ட் அடிக்கறது ஒரு நாள் வேல. அழுக்காக்கறதுதான் ஒரு மாச வேல" என்பார். சரியான பேச்சுதான். ஆனால் அதைச் சொல்ல ஒரு முறை உண்டு. இசக்கி தன் முதல் டேங்கைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் கேட்டது நினைவிருக்கிறதா? "இன்னா நைனா, இது மிலிட்டரி டேங்க்கா, குப்ப லாரியா?" முப்பது வயது ஆள், திருநெல்வேலியிலிருந்து வந்து ஐடியில் வேலை பார்ப்பவன், அன்று ரயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

நான் முதல் நாள் போனபோது, "யாருக்கும்மா இது? ஊட்டுக்காரருக்கா, புள்ளைக்கா?" என்று கேட்டார். "எனக்கு" என்றேன். "ஓகோ" என்றார். அந்த ஓகோவுக்காகவே ஒரு டேங்கை முடித்து அவர் முன்னால் வைப்பது என்று முடிவு செய்தேன். எட்டு மாதம் ஆயிற்று.

நான் அதே ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் பள்ளி பஸ் நிற்கும் இடத்தில், மேடைமேல், ஒரு பழைய டேங்க் நிறுத்தி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடம் அதன் கீழே நின்றிருக்கிறேன். எந்த போல்ட்டின் கீழே எவ்வளவு நீளத்துக்குத் துரு வழிந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதைத்தான் வரைந்தேன். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயின் முழுக்கத் துரு, பக்கவாட்டில் நேராக இறங்கும் மழைக்கறை, பீரங்கிக் குழல்மேல் காக்கை எச்சம். அப்பா பார்த்துவிட்டு, "அட, நம்ம பஸ் ஸ்டாப் டேங்க்!" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பூந்தமல்லி கல்யாண மண்டபத்தில் நம் கண்காட்சி நடந்த அன்று நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். என் டேங்கின் முன்னால் "போர்முனையில்" என்று எழுதி ஒரு அட்டை வைத்திருந்தேன். தணிகாசலம் வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். "ஏம்மா, சண்டைல காக்கா இன்னாத்துக்கு வந்து பீரங்கி மேல குந்துது?" என்றார். மண்டபமே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள், நான் மறக்கவில்லை. "இது ஓடற டேங்க் இல்லம்மா, நின்னுகினு கீற டேங்க். ஓடற செயினு தரைல தேஞ்சு பளபளன்னு இருக்கும், துரு எங்கேந்து வரும்? தூசி பின்னால அப்பும். ஆளு ஏறி எறங்கற எடத்துல பூட்ஸ் பட்டு பெயிண்ட் போயிருக்கும். எங்க அதெல்லாம்?"

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சட்டைப் பையிலிருந்து காது குடையும் பட்ஸ் ஒன்றை எடுத்தார், பக்கத்து மேசையிலிருந்த, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் தோய்த்தார், என் டேங்கின் இடப்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மாத வேலை அந்தப் பஞ்சில் பழுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. "நீங்களே வெச்சுக்கோங்க சார். செத்ததும் உங்க சமாதியில வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை.

அவர் சொன்னது சரி. அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் அந்த மேடையைத் தாண்டிப் போகும்போதே தெரிந்துவிட்டது. வாழ்நாளில் நான் உற்றுப் பார்த்த ஒரே டேங்க், ஓடுவதை நிறுத்திப் பல வருடம் ஆன டேங்க். அதைக் கொண்டுபோய்ப் போர்முனையில் நிறுத்தியிருக்கிறேன். இதை இன்றுதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லும்படி அவரும் நடந்துகொள்ளவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் திருநின்றவூருக்குப் போனேன். துக்கம் விசாரிக்க அல்ல, என் டேங்கைக் கேட்டு வாங்க. தூக்கி எறிந்திருந்தாலும் சரி, அதைத் தெரிந்துகொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன். அவர் மனைவி வசந்தா அம்மா கதவைத் திறந்தார். பெயரைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார். "சமாதில வெக்கச் சொன்ன பொண்ணு நீதானா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "உள்ள வா. கண்ணாடி பீரோல கீது உன்னுது" என்றார்.

எடுத்துக் கையில் கொடுத்தார். இடப்பக்கம் முழுதும் அவர் வேலை. செயினின் அடிப்பக்கம் மட்டும் எஃகுபோல் மினுங்கியது. பின்பக்கம் வெளுத்த புழுதி அப்பியிருந்தது. முன்னால், ஆள் கால் வைத்து ஏறும் இடத்தில், பச்சை பெயிண்ட் தேய்ந்து அடியில் இருந்த பூச்சு தெரிந்தது. பாவி மனிதர், இப்போதுதான் எங்கேயோ ஓடிவிட்டு வந்து நின்றதுபோல் செய்திருந்தார். திருப்பினேன். வலப்பக்கம் என்னுடையது. ஒரு கோடுகூட மாறவில்லை. காக்கை எச்சம்கூட அப்படியே இருந்தது.

"இந்தப் பக்கத்த ஏம்மா விட்டுட்டாரு?" என்று கேட்டேன்.

"அது நல்லாத்தான் கீதுன்னாரு. நின்னுபோன டேங்க்கு அப்டியேதான் இருக்கும், ஒரு போல்ட்டு கூட மாத்தி வெக்கல அந்தப் பொண்ணுன்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் காட்டுவாரு. அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்றதுதானேன்னேன். 'நா இன்னாத்துக்குச் சொல்லணும்? அது வந்து கேக்கட்டும்'னாரு."

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. இரண்டு வருடம்! ஒரு போன் போட என்ன கேடு? திட்டுவதென்றால் மண்டபம் நிறைய ஆள் வேண்டும். பாராட்டுவதென்றால் என்னைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாராம். நீயும் போய்க் கேட்டிருக்கலாமே என்று சொல்ல வருவீர்கள். சொல்லாதீர்கள். கிளம்பும்போது வசந்தா அம்மா அந்தப் பூதக்கண்ணாடியையும் கயிறோடு என் பையில் போட்டார். "ஊட்ல யாருக்கு இது? நீயே எத்துக்குனு போ" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான், அரை டேங்கும் ஒரு பூதக்கண்ணாடியும். டேங்க் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. என் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டேன், அதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியும். அவர் பக்கம் என்னைப் பார்த்தபடி இருக்கிறது. அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருடைய பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறேன். செயினைப் பார்த்தாயிற்று. புழுதியைப் பார்த்தாயிற்று. இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. எங்கேயாவது ஒரு தப்பு இருந்தே தீரும், விடமாட்டேன். கண்டுபிடித்த பிறகு அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.